ஃபிராய்டின் மேசையில் கொல்கத்தா திருமால்

லண்டன் மேர்ஸ்ஃபீல்டு கார்டன்ஸ் தெருவில் உள்ள 20-ஆம் எண் வீடு, உளப்பகுப்பாய்வின் தந்தை எனப்படும் சிக்மண்ட் ஃபிராய்டு தமது இறுதி நாள்களைக் கழித்த இடமாகும். 1986 முதல் அருங்காட்சியகமாக விளங்கும் அவ்வீட்டில் எகிப்து, கிரேக்கம், ரோமாபுரி ஆகியவற்றைச் சேர்ந்த தொல்பொருள்கள் நிறைந்துள்ளன. அவற்றுக்கு நடுவே யானைத் தந்தத்தால் ஆன திருமால் சிலை ஒன்றும் உள்ளது. அது ஃபிராய்டு விலைகொடுத்து வாங்கியதன்று. அவரது 75-வது பிறந்த நாளையொட்டி 1931-ல் கொல்கத்தாவிலிருந்து அனுப்பப்பட்ட பரிசு.

அதை அனுப்பியது இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம். சங்கத்தை நிறுவியவர் டாக்டர் கிரீந்திரசேகர் போஸ் (1887-1953). ஃபிராய்டு அச்சிலையைத் தமது எழுதுமேசை மீது வைத்துக்கொண்டார். தந்தத்தில் விரிசல் கண்டபோது, கொல்கத்தாவில் பழகிய தெய்வத்துக்கு வியன்னாவின் தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று வேடிக்கையாகக் குறித்து வைத்தார்.

நனவிலி மனம் நோயாளிகளுக்கு மட்டும் உரியதன்று. கடன் கொடுத்தவரின் பெயர் சட்டென்று நினைவுக்கு வராமற்போவதிலும், மேடையில் வாய்தவறி விழும் சொல்லிலும், விடியற்காலைக் கனவிலும் அது தலைகாட்டுகிறது என்பது ஃபிராய்டின் கொள்கை. அன்றாட வாழ்வில் நனவிலி மனத்தின் இடத்தை விளக்குவதற்கென்றே 2010-ல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் தனிக் கண்காட்சி ஒன்றை நடத்தியது. அதற்கு 80 ஆண்டுகளுக்கும் முன்னதாக, 1928-லேயே 'ஸ்வப்ன' என்ற நூலின் மூலம் கனவுகளைப் பற்றி வங்க மொழியில் எழுதியவர் போஸ்.

கடிதத்தில் மலர்ந்த உறவு: மருத்துவம் பயின்ற போஸ், எந்த ஆய்வாளரிடமும் முறையான பயிற்சி பெறாமல், கிடைத்த நூல்களைக் கொண்டு தாமே இத்துறையைக் கற்றார். மன ஒடுக்கம் குறித்த ஆய்வுக்காகக் கல்கத்தா பல்கலைக்கழகம் அவருக்கு 1921-ல் முனைவர் பட்டம் வழங்கியது. அந்நூலை ஃபிராய்டுக்கு அனுப்பினார். இத்தனை தொலைவில் தமது கருத்துக்கு ஆர்வலர் இருப்பது கண்டு ஃபிராய்டு வியந்து பதில் எழுதினார். 1922-ல் பார்சிபாகான் சந்தில் உள்ள போஸின் இல்லத்தில் சங்கம் தொடங்கியது. இருவரும் சுமார் 16 ஆண்டுகள் கடிதம் எழுதிக்கொண்டனர். ஒருமுறைகூட நேரில் சந்திக்கவில்லை. ஓவியர் ஜதீந்திரகுமார் சென், ஃபிராய்டை நேரில் பாராமலேயே கற்பனையாக வரைந்த உருவப்படமும் வியன்னா சென்றது. அதில் ஃபிராய்டு ஆங்கிலேயரைப் போல் காட்சியளித்தார் என்பது சுவையான செய்தி.

குருவை வணங்கும் சீடராக மட்டும் போஸ் இருந்துவிடவில்லை. மனத்தில் எழும் ஒவ்வொரு விருப்பத்துக்கும் எதிரான விருப்பம் ஒன்று நனவிலியில் மறைந்துள்ளது என்பது அவர் வகுத்த கொள்கை. ஆண்மை பறிபோகுமோ என்ற அச்சம் ஐரோப்பிய நோயாளிகளிடம் தெரியும் அளவுக்குத் தம்மிடம் வரும் இந்தியர்களிடம் தெரியவில்லை என்றும் 1929-ல் ஃபிராய்டுக்கே எழுதினார். ஃபிராய்டு இதற்கு இணங்கவில்லை. ஆயினும் அந்த வேறுபாடு எளிதில் தள்ளத்தக்கதன்று. வியன்னாக் குடும்பங்களைக் கண்டு வகுக்கப்பட்ட விதிகள், தாயும் பாட்டியும் அத்தையும் சேர்ந்து பிள்ளை வளர்க்கும் கூட்டுக் குடும்பத்துக்கு அப்படியே பொருந்துமா என்ற வினா அதனுள் அடங்கியிருந்தது. ஆட்சியும் அறிவும் ஒருங்கே மேலைநாட்டிலிருந்து வந்த காலத்தில் இதைக் கேட்பதற்குத் துணிவு வேண்டும். இவ்விருவரின் கடிதங்களைச் சங்கம் 1964-ல் நூலாக வெளியிட்டது.

சிறைபோன்ற மனநோய் விடுதிகளே இருந்த நாளில், கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் (இன்றைய ஆர்.ஜி.கர்) 1933 மே மாதம் மனநலப் புறநோயாளர் பிரிவைப் போஸ் தொடங்கினார். பொது மருத்துவமனை ஒன்றில் இத்தகைய பிரிவு அமைந்தது இந்தியாவில் அதுவே முதன்முறை. காய்ச்சலுக்கு வருவோர் நுழையும் அதே வாயில் வழியே மன நோயாளியும் நுழைந்து, மருந்து பெற்று, மாலையில் வீடு திரும்பலாம் என்ற நிலை அன்று ஏற்பட்டது. உளப்பகுப்பாய்வோ வாரத்தில் பல நாள்கள், ஆண்டுக்கணக்கில், மணிக்கணக்காகப் பேச வேண்டிய முறை. அன்றாடக் கூலிக்காரருக்கு அது எட்டாது. எனவே போஸின் பணிகளுள் எளியவர்களுக்கு மிகுதியும் பயன்பட்டது அந்தப் புறநோயாளர் பிரிவே எனலாம்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனநோய் உற்றவர்களில் நோயின் தன்மைக்கேற்ப 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறாமலே இருந்தனர். மனநலச் சிகிச்சை பெறுவதைக் குடிமக்களின் உரிமையாக்கிய சட்டம் 2017-ல் நிறைவேறியது. மாவட்டங்களில் மருத்துவர் பற்றாக்குறையோ நீங்கியபாடில்லை. போஸ் 1940-ல் கல்கத்தாவின் தில்ஜலா பகுதியில் தொடங்கிய லும்பினி பார்க், இன்று மேற்கு வங்க அரசின் மனநல மருத்துவமனையாக இயங்கி வருகிறது.