செயலியின் வெப்பம்: பசையா, திரவ உலோகமா?

மின்சார இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு எத்துணைச் சூடேறும் என்பதை அறியாதார் இலர். 1,000 வாட் மின்சாரம் ஏறத்தாழ 160 சதுர சென்டிமீட்டர் பரப்பில் வெப்பமாக வெளிப்படுகிறது. அதாவது சதுர சென்டிமீட்டர் ஒன்றுக்குச் சுமார் 6 வாட். இனி, பள்ளியிலோ அலுவலகத்திலோ அமைதியாக இயங்கும் கணிப்பொறியின் செயலியை நோக்குக. அதன் உள்ளிருக்கும் சிலிக்கன் சில்லின் பரப்பு ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர் எனக் கொள்வோமாயின், கடும் வேலையின்போது அது வெளிவிடும் 60 வாட் வெப்பம் சதுர சென்டிமீட்டருக்கு 40 வாட் ஆகிறது. இஸ்திரிப் பெட்டியைக் காட்டிலும் ஆறு மடங்குக்கு மேற்பட்ட செறிவு இது. ஆயினும் பெரும்பாலான செயலிகள் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறலாகாது. அவ்வெல்லையை நெருங்கியதும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. மேலும் சூடேறின் கணிப்பொறி நின்றுவிடுகிறது.

கோடைக் காலத்தில் கணிப்பொறிகள் மந்தமாவதும், திடீரென நின்றுபோவதும் பல பள்ளிகளில் காணும் நிகழ்ச்சிகளே. அப்பொறி பழுதாயிற்று என்று ஒதுக்கப்படுவதும் உண்டு. உண்மையில் பழுதானது, சில காசு எடையுள்ள பசை மட்டுமாகவும் இருத்தல் கூடும்.

இடைவெளியில் தங்கும் காற்று

செயலியின் வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடுவதற்காக, அதன்மேல் செம்பினாலோ அலுமினியத்தாலோ ஆன தகட்டுத் தொகுதி ஒன்று பொருத்தப்படுகிறது. ஹீட் சிங்க் என வழங்கும் இதன்மேல் விசிறி ஒன்றும் சுழல்கிறது. இரண்டு பரப்புகளும் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினும், உருப்பெருக்கியின் வழியே நோக்கின் மேடுபள்ளம் நிறைந்தவை. மேடுகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. எஞ்சிய இடமெல்லாம் காற்று நிறைந்து நிற்கிறது.

காற்று வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஒரு மீட்டர் கனமும் ஒரு சதுர மீட்டர் பரப்பும் உள்ள பொருளின் இரு பக்கங்களுக்கிடையே ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது ஊடுருவிச் செல்லும் வாட் அளவே, அப்பொருளின் கடத்துதிறன் ஆகும். செம்புக்கு இது சுமார் 400, அலுமினியத்துக்கு 237, தண்ணீருக்கு 0.6, காற்றுக்கோ 0.026 மட்டுமே. செம்பு காற்றைவிடப் பதினையாயிரம் மடங்கு நன்கு கடத்துகிறது. ஆகவே இடையிலுள்ள காற்றை வெளியேற்றி, அவ்விடத்தை வேறொரு பொருளால் நிரப்புவது இன்றியமையாததாகிறது.

பசையின் இயல்பு

கடைகளில் தெர்மல் பேஸ்ட் என்று கிடைக்கும் வெப்பப் பசை பெரும்பாலும் சிலிக்கோன் எண்ணெயில் துத்தநாக ஆக்ஸைடு, அலுமினிய ஆக்ஸைடு போன்ற நுண்பொடிகளைக் குழைத்துச் செய்யப்படுவது. எண்ணெய் பள்ளங்களை நிரப்புகிறது; பொடி வெப்பத்தைக் கடத்துகிறது. பசையின் கடத்துதிறன் வகைக்கேற்ப 1 முதல் 10 வரை இருக்கும். சிறு அளவாயினும் காற்றைவிட இது பல பத்து மடங்கு மேலானது. பெரும்பாலான பசைகள் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. எனவே சிறிது வழிந்தாலும் தீங்கு விளைவதில்லை.

இதற்குக் குறையும் உண்டு. பொறி இயங்கும்போது சூடேறி விரிவதும், நின்றபின் குளிர்ந்து சுருங்குவதும் நாள்தோறும் நிகழ்கின்றன. சில்லும் செம்பும் ஒரே அளவில் விரிவதில்லை. அதனால் பசை சிறிது சிறிதாக ஓரங்களுக்குப் பிதுக்கப்படுகிறது. எண்ணெய்ப் பகுதியும் நாளடைவில் பிரிந்து வறள்கிறது. பசை காய்ந்து வெடித்த இடங்களில் காற்று மீண்டும் குடிபுகுகிறது.

உள்ளங்கையில் உருகும் உலோகம்

பசைக்குப் போட்டியாக வந்துள்ள திரவ உலோகத்தின் முதன்மையான உறுப்பு காலியம் என்னும் தனிமம். இதன் வரலாறு ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துரைக்கத் தக்கது. ருஷ்ய விஞ்ஞானி மெண்டலீவ் 1871-ஆம் ஆண்டில், தம் தனிம அட்டவணையில் அலுமினியத்தின் கீழ் வெற்றிடமாக இருந்த இடத்துக்குரிய தனிமத்தின் இயல்புகளை முன்கூட்டியே கணித்தார். 1875-ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி லெகோக் த புவாபோத்ரான் அத்தனிமத்தைக் கண்டறிந்தார். அவர் முதலில் கண்ட அடர்த்தி 4.7. அது 5.9 அளவில் இருத்தல் வேண்டும் என மெண்டலீவ் தெரிவித்தார். காலியத்தைத் தூய்மையாக்கி மீண்டும் அளந்தபோது 5.9 என்றே விடை வந்தது.

காலியம் 29.76 டிகிரியில் உருகும். உள்ளங்கைச் சூடே அதற்குப் போதும். அதனுடன் இண்டியமும் வெள்ளீயமும் சேர்ந்தால் உருகுநிலை மேலும் தாழ்ந்து, அறை வெப்பநிலையிலேயே திரவமாக நிற்கும். பாதரசத்துக்கு மாற்றாகக் காய்ச்சல் மானிகளிலும் இக்கலவை இடம்பெற்றுள்ளது. பாதரசத்தைப் போல நச்சு ஆவி இதினின்று எழுவதில்லை.

வெப்பத்தை அகற்றத் திரவ உலோகத்தை நாடுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. கல்பாக்கத்தில் 1985-ஆம் ஆண்டு செயற்படத் தொடங்கிய சோதனை ஈனுலையில் உருகிய சோடியமே வெப்பத்தைச் சுமந்து செல்கிறது. ஆனால் அங்கே உலோகம் குழாய்களில் ஓடுகிறது. கணிப்பொறியிலோ அது மெல்லிய படலமாக அசையாது நின்று வெப்பத்தைக் கடத்துகிறது.

கணக்குக் காட்டும் உண்மை

எது எவ்வளவு சிறந்தது என்பதை எளிய கணக்கால் அறியலாம். வாட் அளவைப் படலத்தின் கனத்தால் பெருக்கி, கடத்துதிறன், பரப்பு ஆகிய இரண்டின் பெருக்கத்தால் வகுத்தால், படலத்தின் இரு பக்கங்களுக்கு இடையிலுள்ள வெப்பநிலை வேறுபாடு கிடைக்கும். மேலே கூறிய 60 வாட் சில்லையும், ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு கனமுள்ள படலத்தையும் கொள்க.

பசையின் கடத்துதிறன் 5 ஆயின் வேறுபாடு 4 டிகிரி. திரவ உலோகத்தின் கடத்துதிறன் 20 ஆயின் வேறுபாடு 1 டிகிரி. இடையில் முற்றிலும் காற்றே இருப்பின் 700 டிகிரிக்கு மேல் வருகிறது. அதாவது அப்பொறி இயங்கவே இயங்காது. காற்றிலிருந்து பசைக்கு மாறுவதால் விளையும் ஆதாயம் பல நூறு டிகிரி. பசையிலிருந்து திரவ உலோகத்துக்கு மாறுவதால் விளைவதோ 3 டிகிரி. செயலியின் மேல் உலோக மூடி அமைந்த மேசைக் கணிப்பொறிகளில், வெப்பம் மூடியில் பரவிவிடுவதால் ஹீட் சிங்கின் அடியில் கிடைக்கும் ஆதாயம் இன்னும் குறையும்.

இதே கணக்கு மற்றொன்றையும் உணர்த்துகிறது. பசையை ஐந்து மடங்கு கனமாக விட்டுவிட்டால் வேறுபாடு 20 டிகிரி ஆகிறது. விலை உயர்ந்த பொருளால் பெறும் 3 டிகிரியைக் காட்டிலும், கவனக் குறைவால் இழக்கும் 16 டிகிரி பெரிது.

சில்லு 240 வாட் வெளிவிடுமாயின் நிலைமை வேறு. அங்கே பசையில் 16 டிகிரியும் திரவ உலோகத்தில் 4 டிகிரியும் இழப்பாகும். அந்த 12 டிகிரி புறக்கணிக்கத் தக்கதன்று.

திரவ உலோகத்தின் இடர்கள்

முதலாவது, அது மின்சாரத்தைக் கடத்துவது. மதர்போர்டின் மேல் ஒரு துளி சிந்தினும் மின்கசிவு ஏற்பட்டுப் பொறி அழியக்கூடும். இரண்டாவது, காலியம் அலுமினியத்தைச் சிதைக்கும். அது அலுமினியத்தின் ஆக்ஸைடு மேற்படலத்தைக் கடந்து, உலோக மணிகளுக்கு இடையே ஊடுருவுகிறது. உறுதியான தகடும் பின்னர் கையால் ஒடியும். இக்காரணம் பற்றியே விமானங்களில் காலியம் கொண்டு செல்லக் கட்டுப்பாடு உண்டு. பள்ளிக் கணிப்பொறிகள் பலவற்றின் ஹீட் சிங்க் அலுமினியத்தால் ஆனது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். மூன்றாவது, செம்புடனும் காலியம் மெல்லக் கலந்து கறை உண்டாக்கும். படலமும் நாளடைவில் வறளும். நிக்கல் முலாம் பூசிய பரப்பே இதனை நன்கு தாங்கும்.

ஆகவே திரவ உலோகம் தொழிற்சாலையின் கட்டுப்பாட்டுக்கு உரியது எனலாம். 2020-ஆம் ஆண்டு நவம்பரில் விற்பனைக்கு வந்த சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுப் பொறியில் இது இடம்பெற்றது. அதற்கான ஏற்பாடுகளுக்கு இரண்டாண்டுகளுக்கு மேல் ஆயின என்று அந்நிறுவனம் தெரிவித்தது. உலோகம் கசியாதிருக்கச் சில்லைச் சுற்றித் தடுப்பும் அமைக்கப்பட்டது. பெருநிறுவனத்துக்கே இத்துணை முன்னேற்பாடு தேவைப்பட்டதெனின், மேசைமேல் வைத்துப் பழுது பார்ப்போர் எச்சரிக்கையாக இருத்தல் கடமையாகும்.

பசை மாற்றும் முறை

பள்ளி, அலுவலகக் கணிப்பொறிகளுக்குச் சாதாரணப் பசையே ஏற்றது. பணியாளர்கள் பின்வரும் முறையைக் கையாளலாம்.

பொறியைச் சில நிமிடங்கள் இயக்கிப் பசையை இளகச் செய்தபின், நிறுத்தி மின் இணைப்பை அகற்றவும். ஹீட் சிங்கைப் பிடுங்காமல் மெல்லத் திருகி அசைத்து எடுக்கவும். பிடுங்கினால் செயலியும் உடன் வந்து அதன் ஊசிகள் வளையக்கூடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் இரு பரப்புகளையும் துடைத்து உலரவிடவும். மூடியுள்ள செயலிக்கு ஒரு பட்டாணி அளவும், மூடியில்லாத சில்லுக்கு ஒரு மிளகு அளவும் பசை போதும். திருகுகளை எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக முடுக்கவும். தகடுகளுக்கு இடையே அடைத்த தூசியையும் அப்போதே நீக்கவும். அறையின் வெப்பநிலை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏறினால் செயலியும் ஏறத்தாழ 15 டிகிரி மிகுதியாகச் சூடேறும். எனவே இவ்வேலையைக் கோடைக்கு முன்னரே முடித்தல் நன்று.

வகுப்பறைச் சோதனை

ஒரே மதிப்புள்ள இரண்டு நாணயங்களை எடுத்துக்கொள்க. ஒன்றன் அடியில் சிறிது எண்ணெய் தடவுக. மற்றதை உலர்ந்தபடி விடுக. இரண்டின் மேலும் சம அளவு மெழுகுத் துணுக்கை வைத்து, கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்த தட்டையான உலோகத் தட்டில் ஒரே நேரத்தில் வைக்கவும். எண்ணெய் தடவிய நாணயத்தின் மெழுகே முதலில் இளகக் காணலாம். நாணயத்தின் எழுத்துப் பள்ளங்களிலிருந்த காற்றை எண்ணெய் வெளியேற்றியதே காரணம். கொதிநீரை ஆசிரியரே கையாளுதல் வேண்டும்.

கணிப்பொறிக்குப் பசை மாற்றிய நாளை இருப்புப் பதிவேட்டில் குறித்து வைத்தல் பயன் தரும். அடிக்கடி நின்றுபோகும் பொறியைப் பயனற்றதென ஒதுக்குமுன், அப்பதிவைப் பார்த்துத் தூசியையும் பசையையும் சோதிப்பது முறையாகும். சிறிதளவு பசையும் அரை மணி உழைப்பும் மாணவர் பலர்க்கு ஒரு கணிப்பொறியை மீட்டுத் தரக்கூடும்.