டர்ட் பைக் முன் ஃபோர்க் ஆட்டம்

முன் ஃபோர்க் ஆட்டம் என்பது விசையுந்தின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் தொகுதியில், இணைப்புகள் தளர்வதாலோ உராயும் பாகங்கள் தேய்வதாலோ ஏற்படும் தேவையற்ற அசைவு ஆகும். கரடுமுரடான மண்தரையில் ஓட்டப்படும் டர்ட் பைக்குகளில் இது அடிக்கடி காணப்படுகின்றது. தாவி இறங்கும்போது ஏற்படும் அதிர்ச்சி, சேறு, புழுதி, உயர் அழுத்த நீரால் கழுவுதல் ஆகியவை இதற்கு முக்கிய காரணங்கள். கவனிக்காமல் விட்டால் வேகத்தில் கைப்பிடி நடுங்கும், தடம் பிடித்து ஓட்டுவது கடினமாகும், விபத்துக்கும் இடமுண்டு.

== அமைப்பு ==

இன்றைய டர்ட் பைக்குகளில் பெரும்பாலும் டெலஸ்கோபிக் ஃபோர்க் பயன்படுத்தப்படுகின்றது. ஒன்றினுள் ஒன்று நுழைந்து நகரும் இரு குழாய்கள் கொண்ட இரண்டு கால்கள் இதில் உள்ளன. எண்ணெயால் அதிர்வு தணிக்கும் டெலஸ்கோபிக் ஃபோர்க் 1935 ஆம் ஆண்டில் பிஎம்டபிள்யூ ஆர்12 விசையுந்தில் இடம்பெற்றது. மோட்டோகிராஸ் வண்டிகளில் ஃபோர்க்கின் நகர்வுத் தொலைவு ஏறத்தாழ 300 மி.மீ. ஆகும். இது சாதாரண சாலை விசையுந்துகளில் உள்ளதைக் காட்டிலும் இரு மடங்கு அளவானது.

இரு கால்களும் மேல், கீழ் என இரண்டு கவ்விகளால் பிடிக்கப்படுகின்றன. கவ்விகளை இணைக்கும் தண்டு, சட்டகத்தின் தலைக்குழாயில் உள்ள இரு பேரிங்குகளில் சுழல்கின்றது. இப்பேரிங்குகள் தமிழகப் பட்டறைகளில் கோன் செட் எனப்படுகின்றன. ஒவ்வொரு காலினுள்ளும் இரண்டு புஷ்கள் உள்ளன. ஒன்று உட்குழாயின் முனையிலும் மற்றொன்று வெளிக்குழாயின் வாயிலும் பொருந்தியிருக்கும். குழாய்கள் ஒன்றோடொன்று உரசாமல் வழுக்கிச் செல்ல இவை உதவுகின்றன.

== ஆட்டம் ஏற்படும் இடங்கள் ==

கைக்கு ஒரே மாதிரி உணரப்படும் ஆட்டம் பின்வரும் வெவ்வேறு இடங்களிலிருந்து வரக்கூடும்.

* முன்சக்கர பேரிங்குகள்
* ஆக்சிலும் அதை இறுக்கும் போல்ட்டுகளும்
* கோன் செட்
* ஃபோர்க் புஷ்கள்
* பிரேக் தட்டும் பிரேக் பட்டைகளும்

கோன் செட் தளர்ந்திருக்க, புஷ்களை மாற்றிச் செலவழிப்பது பரவலாக நேரும் தவறாகும். எனவே எதையும் கழற்றுவதற்கு முன் ஆட்டத்தின் இடத்தை உறுதி செய்தல் வேண்டும்.

== கண்டறிதல் ==

வண்டியை நடுவில் தாங்கி, முன்சக்கரம் தரையைத் தொடாதவாறு நிறுத்த வேண்டும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் உந்திப் பார்க்கும் முறை எளிதெனினும் நம்பத்தக்கதன்று. பிரேக் பட்டைகள் காலிப்பரினுள் சிறிது நகர்வது இயல்பு. அதன் 'டக்' ஒலியை ஃபோர்க் ஆட்டம் எனக் கருதிவிட வாய்ப்புண்டு.

1. ஒரு கையால் ஃபோர்க் காலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைக்க வேண்டும். கால் அசையாமல் சக்கரம் மட்டும் அசைந்தால் சக்கர பேரிங்கு தேய்ந்துள்ளது அல்லது ஆக்சில் தளர்ந்துள்ளது.
2. இரு கால்களின் அடிப்பகுதியையும் பிடித்து முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். உதவிக்கு உள்ளவர் கீழ்க்கவ்விக்கும் தலைக்குழாய்க்கும் இடையில் விரலை வைத்திருக்க வேண்டும். அவ்விடத்தில் அசைவு தெரிந்தால் குறை கோன் செட்டில் உள்ளது.
3. அங்கு அசைவில்லையெனில், உட்குழாயும் வெளிக்குழாயும் சந்திக்கும் தூசி சீல் அருகே விரலை வைத்து அதே சோதனையைச் செய்ய வேண்டும். அசைவு அங்கு தெரிந்தால் புஷ்கள் தேய்ந்திருக்கலாம்.
4. கைப்பிடியை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகத் திருப்ப வேண்டும். நேர் நிலையில் பள்ளத்தில் விழுவது போல் நின்றால், பேரிங்கின் ஓடுபாதையில் குழி விழுந்துள்ளது. இதை இறுக்கிச் சரிசெய்ய இயலாது. பேரிங்கை மாற்ற வேண்டும்.

== இயல்பான அசைவு ==

புஷ்ஷுக்கும் குழாய்க்கும் இடையில் எண்ணெய்ப் படலம் தங்குவதற்காகச் சிறு இடைவெளி விடப்படுகின்றது. ஃபோர்க் முழுவதும் நீண்டிருக்கும்போது இரு புஷ்களும் ஒன்றுக்கொன்று மிக அருகில் இருக்கும். அதனால் அந்தச் சிறு இடைவெளியும் சக்கரத்தின் அருகே பெரிதாகத் தெரியும். ஃபோர்க் அமுங்கும்போது புஷ்களின் தொலைவு கூடி அசைவு குறையும். ஆகவே சக்கரம் தூக்கிய நிலையில் உணரப்படும் மிகச் சிறிய அசைவு குறைபாடு ஆகாது. ஒலியுடன் கூடிய அசைவு, ஒரு காலில் மட்டும் மிகுதியான அசைவு, எண்ணெய்க் கசிவு ஆகியவை தேய்மானத்தின் அடையாளங்கள்.

== சீர்செய்தல் ==

=== ஆக்சில் ===

ஆக்சில் நட்டை இறுக்கியபின், சக்கரத்தைத் தரையில் வைத்து முன்பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கைச் சில முறை அமுக்க வேண்டும். இதனால் கால்கள் தம் இயல்பான இடத்தில் அமர்கின்றன. அதன் பின்னரே ஆக்சிலைக் கவ்வும் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். இவ்வரிசை மாறினால் கால்கள் இணையாக அமையாமல் ஃபோர்க் தடைபட்டு நகரும்.

=== கோன் செட் ===

மேல்க்கவ்வியின் போல்ட்டுகளையும் தண்டின் மேல் நட்டையும் தளர்த்தி, அதன் கீழுள்ள வளைய நட்டைக் கொக்கி ஸ்பேனரால் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஆட்டம் நீங்கிய பிறகும் கைப்பிடி தடையின்றித் திரும்ப வேண்டும். மேல் நட்டை இறுக்கும்போது பேரிங்கின் மீதான அழுத்தம் மாறுவதால், அதன் பின் மீண்டும் ஒருமுறை சோதிப்பது இன்றியமையாதது. அளவுக்கு மீறி இறுக்கினால் திருப்புவது கடினமாகி, பேரிங்கும் விரைவில் கெடும்.

=== புஷ்கள் ===

புஷ்களை மாற்ற ஃபோர்க் கால்களைக் கழற்றிப் பிரிக்க வேண்டும். காற்றால் இயங்கும் ஃபோர்க் எனில் முதலில் காற்றை வெளியேற்ற வேண்டும். சுருள்வில் அமுக்கப்பட்ட நிலையில் இருப்பதால் மேல்மூடியைக் கழற்றுகையில் கவனம் தேவை.

புஷ்ஷின் உராயும் பரப்பில் டெஃப்லான் பூச்சு உண்டு. அது தேய்ந்து அடியிலுள்ள செம்பு நிறம் பெரும்பகுதியில் தெரிந்தால் புஷ்ஷை மாற்ற வேண்டும். வடித்த எண்ணெயில் சாம்பல் நிற உலோகத் துகள் மிகுந்திருந்தால் அலுமினிய வெளிக்குழாயின் உட்சுவரையும் பார்க்க வேண்டும். சுவரே தேய்ந்திருப்பின் புதிய புஷ்ஷால் மட்டும் ஆட்டம் நீங்காது. உட்குழாயை வி-வடிவத் தாங்கிகளில் உருட்டி வளைவு உள்ளதா எனவும் அறிய வேண்டும்.

புஷ்களுடன் ஆயில் சீல்களையும் மாற்றுவது வழக்கம். உட்குழாயின் கூரிய விளிம்பில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிய பின் சீலை நுழைத்தால் அதன் உதடு கிழியாது. எண்ணெயின் வகை, அளவு, போல்ட்டுகளின் இறுக்க அளவு ஆகியவை வண்டிக்கு வண்டி வேறுபடும். இவற்றுக்கு அந்தந்த வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டைப் பின்பற்ற வேண்டும்.

== தடுப்பு முறைகள் ==

ஓட்டி முடித்தபின் உட்குழாயில் ஒட்டிய சேற்றைத் துடைத்தல், நீரைச் சீல்களிலும் தலைக்குழாயிலும் நேராகப் பீய்ச்சாதிருத்தல், ஃபோர்க் எண்ணெயைக் காலந்தோறும் மாற்றுதல், கோன் செட்டைக் கழற்றிக் கிரீஸ் இடுதல் ஆகியவை தேய்மானத்தைக் குறைக்கின்றன.

== இவற்றையும் பார்க்க ==

* விசையுந்து
* மோட்டோகிராஸ்
* பேரிங்கு