பிளேசரும் காப்புநூலும்: பாடசாலைச் சீருடை விதியோடு உடன்பாடில்லை என்றால் என்ன செய்யலாம்?

என்னிடம் வருமான வரிப் படிவம் நிரப்ப வருபவர்கள் பலர் பற்றுச்சீட்டுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து மேசையில் கொட்டுவார்கள். போன வருடம் அப்படி வந்த ஒரு தாயின் பையில் பெற்றோல் சீட்டுகளோடு சீருடைக் கடைச் சீட்டு ஒன்றும் இருந்தது. "தங்கச்சி, இது வரிக் கணக்கிலை கழிபடாது" என்று திருப்பிக் கொடுத்தேன்.

"தெரியும் அண்ணை. இதைப் பற்றித்தான் உங்களிட்டை ஒண்டு கேக்க வேணும்" என்றார்.

ஏழாம் ஆண்டுக்குப் போன மகனுக்காக வாங்கியவை அவை. பிளேசர் 45 பவுண், சுவெற்றர் 24, காற்சட்டை 28, ரை 8, விளையாட்டு மேற்சட்டை 18, விளையாட்டுக் காற்சட்டை 30. மொத்தம் 153 பவுண். ஆறிலும் பாடசாலைச் சின்னம். எல்லாம் ஒரே கடை, வேறு எங்கும் கிடையாது. மாற்றுக்கு இன்னொரு காற்சட்டை வேண்டுமே என்று சுப்பர் மார்க்கெற்றில் 9 பவுணுக்குச் சின்னமில்லாத கறுப்புக் காற்சட்டை வாங்கியிருக்கிறார். அதைப் போட்டுக்கொண்டு போன அன்று பிள்ளையை வகுப்புக்கு விடாமல் நாள் முழுக்கத் தனி அறையில் இருத்திவிட்டார்கள்.

அவர் கேட்டது இதுதான்: "நாங்கள் போய்க் கேக்கலாமோ அண்ணை? கேட்டால் பிள்ளையைப் பழிவாங்குவினமோ?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குப் பெரிய தகுதி இல்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னர் என் மகள் பாடசாலையிலிருந்து வந்து, அம்மம்மா கோயிலில் கட்டிவிட்ட காப்புநூலை அவிழ்க்கச் சொல்கிறார்கள் என்றாள். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "வந்த நாட்டிலை சொன்னதைச் செய்யவேணும்" என்று சொல்லிக் கத்தரிக்கோலை எடுத்து நானே வெட்டினேன். விதி என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை, ஒரு கடிதம் எழுதவில்லை. அப்போது எங்கள் வழக்கு உள்துறை அமைச்சில் முடிவாகாமல் கிடந்தது. எந்த அலுவலகத்தோடும் முரண்படக்கூடாது என்ற பயம் பாடசாலை வரைக்கும் நீண்டிருந்தது. அந்தப் பயம் எங்களில் பலருக்கு வதிவிட உரிமை கிடைத்த பிறகும் போவதில்லை. ஆகவே அந்தத் தாய்க்காகத் தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன். இங்கிலாந்துச் சட்டத்தை வைத்தே சொல்கிறேன். மற்ற நாடுகளில் இருப்பவர்களுக்குக் கடைசியில் சில வரிகள் உண்டு.

இரண்டு வகைப் பிணக்கு

சீருடை பற்றிய பெற்றோரின் முறைப்பாடுகள் இரண்டு வகை. ஒன்று காசு: விலை கூட, ஒரே கடை, தேவையில்லாத சின்னங்கள். மற்றது அடையாளம்: திருநீறு, பொட்டு, நூல், மூக்குத்தி, தலைமுடி, தலைத்துணி. இரண்டுக்கும் சட்டம் வேறு, கேட்கும் முறையும் வேறு. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலந்து எழுதினால் பாடசாலை இலகுவான பகுதிக்கு மட்டும் பதில் எழுதிவிட்டு மற்றதைத் தவிர்த்துவிடும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். இங்கிலாந்தில் சீருடை வைப்பதா, என்ன சீருடை என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் பாடசாலையின் ஆளுநர் சபைக்கு உண்டு. கல்வி அமைச்சு எல்லாப் பாடசாலைகளுக்கும் ஒரே சீருடை விதிப்பதில்லை. சீருடையை மீறிய பிள்ளைக்கு ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவும், உடையை மாற்றிவர வீட்டுக்கு அனுப்பவும் அதிபருக்கு அதிகாரம் உண்டு. ஆகவே "சீருடையே வேண்டாம்" என்று தொடங்கினால் கதை அங்கேயே முடிந்துவிடும். இந்த விதி நியாயமாக இருக்கிறதா, எங்கள் பிள்ளைக்கு விலக்கு உண்டா என்று கேட்டால்தான் பாடசாலை பதில் சொல்லக் கடமைப்படும்.

காசுக் கணக்கு

2021 ஏப்ரலில் சீருடைச் செலவு பற்றிய சட்டம் ஒன்று இங்கிலாந்தில் நிறைவேறியது. மைக் அமெஸ்பரி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தனிநபர் சட்டமூலமாகக் கொண்டுவந்தது அது. அதன்படி அதே ஆண்டு நவம்பரில் கல்வி அமைச்சு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. இது அரச நிதியில் இயங்கும் பாடசாலைகளுக்குப் பொருந்தும், அக்கடமிகளும் அதில் அடங்கும். தனியார் பாடசாலைகள் அடங்கா. வழிகாட்டியின் சாரம் இது:

பாடசாலைச் சின்னம் பொறித்த உடுப்புகளை இயன்றளவு குறைக்க வேண்டும். ஒரே கடைக்கு மட்டும் உரிமை கொடுக்கும் ஒப்பந்தங்களைத் தவிர்க்க வேண்டும். அப்படிக் கொடுத்திருந்தால் குறைந்தது 5 வருடத்துக்கு ஒருமுறை மறுபடி கேள்விப்பத்திரம் கோர வேண்டும். பழைய சீருடைகள் பெற்றோருக்குக் கிடைக்க வழிசெய்ய வேண்டும். சீருடைக் கொள்கை பாடசாலை இணையத்தளத்தில் இலகுவாகக் கண்டுபிடிக்கும்படி இருக்க வேண்டும்.

சட்டப்படி பாடசாலைகள் இந்த வழிகாட்டியைக் கருத்தில் எடுத்தே ஆகவேண்டும். "எங்கள் பாடசாலை வழக்கம்" என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. 2024 டிசம்பரில் அரசாங்கம் நாடாளுமன்றத்தில் முன்வைத்த சிறுவர் நலன் மற்றும் பாடசாலைகள் சட்டமூலம் இன்னும் ஒரு படி மேலே போய், சின்னம் பொறித்த உடுப்புகளை மூன்றாக மட்டுப்படுத்தவும் இரண்டாம் நிலைப் பாடசாலைகளில் கூடுதலாக ஒரு ரையை அனுமதிக்கவும் முன்மொழிந்தது. எங்கள் தாயின் பட்டியலில் ரையைத் தவிர்த்தாலும் ஐந்து.

கணக்காளன் என்ற முறையில் இன்னொரு சங்கதி. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் அளவில் தைத்த உடுப்புக்கும் சப்பாத்துக்கும் இங்கே வற் வரி பூச்சியம். அந்த அளவைத் தாண்டினால் 20 வீதம். வரி, பிள்ளையின் வயதைப் பார்ப்பதில்லை, உடுப்பின் அளவைப் பார்க்கும். பன்னிரண்டு வயதிலேயே உயர்ந்து வளர்ந்த பிள்ளைக்குப் பெரியவர் அளவுக் காற்சட்டை வாங்கினால், 28 பவுணில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 4 பவுண் 67 பென்ஸ், வரிக்குப் போகிறது. இதற்குப் பாடசாலை பொறுப்பல்ல. ஆனால் ஒரே கடையில்தான் வாங்க வேண்டும் என்ற விதி இந்தப் பிள்ளைகளின் வீட்டையே கூடத் தாக்குகிறது என்று கடிதத்தில் எழுதலாம்.

உதவித்தொகையையும் கேட்டுப் பார்க்க வேண்டும். ஸ்கொட்லாந்தில் தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைக்குக் குறைந்தது 120 பவுணும் இரண்டாம் நிலைப் பிள்ளைக்கு 150 பவுணும் உடுப்பு மானியமாக உண்டு. வேல்ஸில் 125 பவுண், ஏழாம் ஆண்டுக்கு 200. இங்கிலாந்தில் அப்படி ஒரே அளவு கிடையாது. சில கவுன்சில்கள் கொடுக்கும், பல கொடுக்கா. ஆனால் இலவச மதிய உணவு பெறும் பிள்ளைகளுக்காக அரசாங்கம் பாடசாலைக்கு மேலதிக நிதி கொடுக்கிறது, அதிலிருந்து சீருடைக்கு உதவும் பாடசாலைகள் இருக்கின்றன. "கேட்டால் மரியாதையில்லை" என்று எங்கள் ஆட்கள் பேசாமல் இருப்பார்கள். கடனட்டையில் பிளேசர் வாங்கி வட்டி கட்டுவதில் என்ன மரியாதை?

நூலும் மூக்குத்தியும்

அடையாளம் பற்றிய பிணக்குகளில் நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன என்று பார்ப்போம்.

1983இல் பேர்மிங்காமில் ஒரு தனியார் பாடசாலை தலைப்பாகை கட்டிய சீக்கியச் சிறுவனைச் சேர்க்க மறுத்த வழக்கில், சீக்கியர் ஓர் இனக்குழு, இன உறவுச் சட்டம் அவர்களைக் காக்கும் என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. 2008இல் வேல்ஸின் அபர்டேர் பெண்கள் பாடசாலையில் ஒரு சீக்கிய மாணவி கையில் காரா என்ற மெல்லிய இரும்புக் காப்பு அணியத் தடைவிதித்தது மறைமுகப் பாரபட்சம் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2011இல் லண்டனில் ஒரு கத்தோலிக்கப் பாடசாலை, குடும்ப வழக்கப்படி தலைமுடியை வரிவரியாகப் பின்னியிருந்த ஆபிரிக்க-கரிபியச் சிறுவனை அனுமதிக்காதது பற்றியும் அதே விதமான தீர்ப்பு வந்தது.

பெற்றோர் பக்கம் தோற்ற வழக்கும் உண்டு. லூட்டனில் டென்பி உயர் பாடசாலையில் ஒரு முஸ்லிம் மாணவி உடல் முழுவதும் மூடும் ஜில்பாப் அணிய அனுமதி கேட்டார். அந்தப் பாடசாலை முன்னரே பெற்றோரோடும் பள்ளிவாசல்களோடும் பேசி, சல்வார் கமீசையும் தலைத்துணியையும் சீருடையில் சேர்த்திருந்தது. 2006இல் பிரபுக்கள் சபை பாடசாலையின் பக்கம் நின்றது. அந்தப் பிள்ளை கிட்டத்தட்ட இரண்டு வருடம் பாடசாலைக்குப் போகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

எங்களுக்கு மிக நெருக்கமான வழக்கு தென்னாபிரிக்காவில் நடந்தது. டேர்பன் பெண்கள் உயர் பாடசாலையில் சுனாலி பிள்ளை என்ற மாணவி 2004இல் விடுமுறையில் மூக்குக் குத்திச் சிறிய தங்க மூக்குத்தியோடு வந்தார். நகை அணியக்கூடாது என்பது விதி. பெண்பிள்ளை பெரியவளாகும்போது மூக்குத்தி அணிவிப்பது தென்னிந்திய வழிவந்த தங்கள் குடும்ப மரபு என்றும், பதினாறாவது பிறந்தநாளில் பாட்டி அதை வைர மூக்குத்தியாக மாற்றுவார் என்றும் தாய் எழுதிக் கொடுத்தார். பாடசாலை ஏற்கவில்லை. வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய், 2007 ஒக்ரோபரில் தீர்ப்பு வந்தது: விலக்கு மறுத்தது நியாயமற்ற பாரபட்சம். அந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்று. மூக்குத்தி மதத்தில் கட்டாயமில்லை, தெற்கிலிருந்து வந்த தமிழ் இந்துக் குடும்பங்களின் விருப்ப வழக்கம். அது விருப்பம் என்பதாலேயே பாதுகாப்பு இல்லாமல் போகாது என்று நீதிமன்றம் சொன்னது. விலக்குக் கேட்கும் நடைமுறை ஒன்றை விதிகளில் சேர்க்கும்படியும் பாடசாலைக்குக் கட்டளையிட்டது. தென்னாபிரிக்கத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனால் எப்படி வாதாடுவது என்று காட்டுகிறது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. இந்தப் பொருள் பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் எவ்வளவு முக்கியம்? அனுமதித்தால் பாடசாலைக்கு உண்மையில் என்ன இடைஞ்சல்? பாடசாலை எல்லோரையும் கேட்டு விதி வகுத்ததா, வேறு வழி ஏதும் கொடுத்ததா? இங்கிலாந்தில் இப்போது இவற்றுக்கான அடிப்படை 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம். எல்லோருக்கும் ஒரே மாதிரித் தெரியும் விதி ஒரு இனத்தவரையோ மதத்தவரையோ கூடப் பாதித்து, அதற்குத் தக்க காரணமும் இல்லாவிட்டால், அதை மறைமுகப் பாரபட்சம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

நாங்களும் நேர்மையாக இருக்க வேண்டும். அழகுக்குப் போட்ட சங்கிலியை மரபு என்று சொல்லக்கூடாது. விளையாட்டு நேரத்தில் நகையைக் கழற்றவோ ஒட்டுநாடாவால் மூடவோ சொன்னால் அது பாதுகாப்பு. எங்கள் பொட்டுக்கு இடம் கேட்கும் நாங்கள் மற்றவர்களின் துணிக்கும் அதே இடம் கொடுக்க வேண்டும். 2018இல் திருகோணமலையில் ஒரு இந்துப் பாடசாலையில் முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயா பற்றிப் பிரச்சினை எழுந்தபோது எங்களில் சிலர் பேசியதை இங்கே ஒரு வெள்ளைக்கார அதிபர் எங்கள் பிள்ளைக்குச் சொன்னால் எப்படி இருக்கும்?

எப்படிக் கேட்பது

முதலில் பாடசாலை இணையத்தளத்தில் சீருடைக் கொள்கையை முழுவதும் வாசியுங்கள். வாய்வழியாகச் சொல்லப்படும் சில "விதிகள்" அதில் இருக்கவே இருக்காது.

அடுத்து அந்த வகுப்பாண்டுப் பொறுப்பாசிரியரை நேரில் சந்தியுங்கள். பிள்ளையை மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிப் போகாதீர்கள். தன் ஆசிரியரோடு தன் தாய் தகப்பன் முரண்படுவதைப் பிள்ளையே மொழிபெயர்க்க வைப்பது பெரிய பாரம். பாடசாலையிடம் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், அல்லது ஒரு உறவினரைக் கூட்டிச் செல்லுங்கள்.

பிறகு எழுத்தில் கேளுங்கள். எந்த விதி, அது எங்களை எப்படிப் பாதிக்கிறது, நாங்கள் கேட்கும் விலக்கு என்ன, எந்தத் திகதிக்குள் பதில் வேண்டும் என்று நான்கு பந்தி போதும். கோபம் வேண்டாம். பதில் திருப்தியில்லை என்றால் பாடசாலையின் முறைப்பாட்டு நடைமுறைப்படி ஆளுநர் சபைக்குப் போகலாம், அதற்கும் பிறகு கல்வி அமைச்சுக்கு. பாரபட்சம் என்று கவுண்டி நீதிமன்றத்துக்குப் போவதானால் சம்பவத்திலிருந்து 6 மாதத்துக்குள் வழக்கைப் பதிய வேண்டும். முறைப்பாடு நடந்துகொண்டிருப்பதால் அந்தக் காலம் நின்றுவிடும் என்று எண்ணி இருந்துவிடாதீர்கள்.

கோபத்தில் பிள்ளையை வீட்டில் மறிக்காதீர்கள். பத்துப் பாடசாலை வாரங்களுக்குள் பத்து அரைநாள் அனுமதியின்றி வராவிட்டால் அபராதத்துக்கு இடமுண்டு. 2024 ஓகஸ்டிலிருந்து ஒரு பெற்றோருக்கு 160 பவுண், 21 நாளுக்குள் கட்டினால் 80. அதைவிடப் பெரிய நட்டம் படிப்பு.

மற்ற நாடுகளில் நிலைமை வேறு. பிரான்சில் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி அரச பாடசாலைகளில் வெளிப்படையாகத் தெரியும் மத அடையாளங்களுக்குத் தடை உண்டு. சிறிய, கண்ணை உறுத்தாத அடையாளங்கள் அதில் அடங்கா. அங்கே விலக்குக் கேட்பதைவிட, எது அந்தத் தடைக்குள் வருகிறது என்று கேட்பதே பயன் தரும்.

அந்தத் தாய்க்குக் கடிதம் எழுத நான் உதவினேன். மூன்று கிழமையில் பதில் வந்தது. சின்னமில்லாத கறுப்புக் காற்சட்டை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏற்கப்படும், பிளேசரும் விளையாட்டு உடையும் பழையபடிதான், பழைய சீருடைகள் அலுவலகத்தில் கிடைக்கும் என்று எழுதியிருந்தார்கள். முழு வெற்றி இல்லை. ஆனால் பிள்ளையை எவரும் பழிவாங்கவில்லை.

இதை என் மகளிடம் சொன்னேன். அவள் இப்போது வேலைக்குப் போகிறாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பா, நூலை வெட்டினது எனக்குப் பெரிசில்லை. நீங்கள் ஒருக்காக் கேட்டுப் பாத்திருக்கலாம்" என்றாள். அது சரியான கணக்கு. என்னிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை.