பயிரைப் பற்றும் வைரசு நோய்களும் காப்பு நெறியும்

உழவுத் தொழிலின் படிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு மதிப்பிட்ட திருவள்ளுவர், உழுதலினும் எருவிடுதல் நன்று என்றும், களை நீக்கிய பின்னர் நீர் பாய்ச்சுதலினும் பயிரைக் காத்தல் நன்று என்றும் கருதினார். அக்காலத்து உழவனுக்குக் காவல் என்பது பெரும்பாலும் ஆடுமாடுகளையும் பறவைகளையும் காட்டு விலங்குகளையும் தடுத்தலேயாம். வேலியடைத்தும் பரண்மீதிருந்து கூவியும் அவன் அதனைச் செய்தான். இன்றைய உழவனோ வேலியும் பரணும் தடுக்கமாட்டாத பகையொன்றினையும் எதிர்நோக்கி நிற்கின்றான். அப்பகை வைரசு எனப்படும். அதன் இயல்பு யாது, அது பயிருக்குப் பயிர் எவ்வாறு பரவுகின்றது, அதனினின்று பயிரைக் காக்கும் நெறி யாது என்பனவற்றை, ஏழையின் வீட்டுக்கும் உணவளிக்கும் மரவள்ளியைச் சிறப்பாக எடுத்துக்கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வைரசின் இயல்பு

நோய் மிகப் பழையது; அதுபற்றிய அறிவே புதியது. கி.பி. 752ஆம் ஆண்டளவில் யப்பானிய அரசி கோக்கென் இயற்றிய பாடலொன்று மன்யோஷூ என்னும் தொகைநூலில் இடம்பெற்றுள்ளது. கோடைகாலத்திலேயே செடியொன்றின் இலைகள் மஞ்சள் நிறம் எய்தியமையை அப்பாடல் கூறுகின்றது. அது வைரசு நோயின் அடையாளமே என 2003ஆம் ஆண்டில் ஆய்வாளர் விளக்கினர். அரசி அழகெனக் கண்டது உண்மையிற் பிணியாகும். தாவர வைரசு நோய் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றாக இதனைக் கொள்வர்.

நோயின் காரணத்தை அறியப் பதினொரு நூற்றாண்டுகளுக்கு மேலாயின. 1886ஆம் ஆண்டில் அடொல்வ் மேயர் என்பார், புள்ளியும் தேமலுமாய்ப் பழுதுற்ற புகையிலையின் சாற்றை நலமுள்ள செடியிற் செலுத்தினால் அச்செடியும் நோயுறும் எனக் காட்டினார். பற்றீரியங்களைத் தடுக்கும் நுண்வடியினூடாகச் சென்ற பின்னரும் அச்சாறு நோய் தரும் ஆற்றலை இழக்கவில்லை என்பதை 1892இல் உருசிய அறிஞர் இவானோவ்ஸ்கி கண்டார். 1898இல் ஒல்லாந்து நாட்டுப் பெய்ஜரிங்க், இது பற்றீரியத்தின் வேறானது, உயிருள்ள கலங்களினுள் மட்டுமே பெருகுவது என வரையறுத்து, அதற்கு வைரசு என்னும் பெயரை வழங்கினார். 1935இல் அமெரிக்கராகிய ஸ்ரான்லி அதனைப் பளிங்குருவிற் பிரித்தெடுத்தார். உயிரற்ற உப்பைப் போலப் பளிங்காகவும், உயிருள்ளது போலப் பெருகவும் வல்ல பொருளொன்றைக் கண்டு உலகு வியந்தது.

வைரசானது புரத உறையினுள் அடங்கிய மரபுப் பொருளேயன்றி வேறன்று. அதற்கு வாயில்லை, வயிறில்லை, தனித்து வாழும் ஆற்றலும் இல்லை. தாவரக் கலத்தினுட் புகுந்து, அக்கலத்தின் உறுப்புகளையே தனக்கு ஏவலாளராக்கித் தன்னைப் போன்ற பலவற்றைப் படைக்கச் செய்கின்றது. மரவள்ளியைப் பற்றும் வைரசின் துணிக்கைகளை நீளவாக்கில் வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீற்றர் இடைவெளியில் ஏறத்தாழ 33,000 அடங்கும்.

இவ்வியல்பை உணர்ந்தாலன்றி, வைரசு நோய்க்கு மருந்தில்லை என்னும் உண்மையின் காரணம் விளங்காது. பங்கசு தனக்கென உடலுடையது. ஆதலின் செடியைக் கொல்லாது பங்கசை மட்டும் கொல்லும் மருந்து உண்டு. வைரசோ செடியின் கலத்தோடு ஒன்றிக் கலந்து தொழிற்படுவது. அதனை மட்டும் பிரித்தழித்து, வயலில் நிற்கும் செடியைக் குணமாக்கும் மருந்து உழவர்க்குக் கிடைப்பதில்லை. பங்கசுகொல்லியை எத்தனை முறை தெளிப்பினும் தேமல் விழுந்த செடி தேறாது. காசும் உழைப்புமே வீணாகும். எனவே வைரசு நோயைப் பொறுத்தவரை வந்தபின் தீர்த்தல் என்பது இல்லை. வருமுன் காத்தல் ஒன்றே உண்டு.

பரவும் வழிகள்

வைரசு தானாக நடந்து செல்லாது. தாவரக் கலத்தின் தடித்த சுவரைத் தானாகத் துளைக்கவும் மாட்டாது. ஆகவே அதற்குச் சுமந்து செல்வோர் வேண்டும். அவ்வாறு சுமப்போர் முக்கியமாக இருவர்: ஒன்று பூச்சி, மற்றையது மனிதன்.

பூச்சிகள் சுமக்கும் முறை இருவகைப்படும். பப்பாசியின் வளையப்புள்ளி வைரசை அழுக்கணவன் பரப்புகின்றது. நோயுற்ற இலையைச் சில விநாடிகள் குத்திச் சுவைத்த மாத்திரத்தே அதன் வாயுறுப்பில் வைரசு ஒட்டிக்கொள்ளும். அடுத்த செடியைச் சுவைக்கும்போது உடனே அங்கு இறங்கிவிடும். இங்கே பீடைகொல்லியால் விளையும் பயன் சிறிது. நஞ்சுண்ட பூச்சி இறப்பதற்கு முன்னரே நோயைக் கொடுத்துவிடும். மரவள்ளி வைரசைப் பரப்பும் வெண் ஈயின் முறை வேறு. அது நெடுநேரம் சாறு உறிஞ்ச வேண்டும். வைரசு அதன் உடலினுட் சென்று, உமிழ்நீரை அடைந்த பின்னரே பிற செடிக்குத் தொற்றும். அதன்பின் பன்னாள் அது நோய்காவியாகவே திரியும். பூச்சியின் இயல்பறியாது மருந்து தெளித்தல் இருளிற் கல்லெறிதலை ஒக்கும்.

இனி, மனிதன் சுமப்பதைக் காண்போம். வாழையைக் குட்டியாலும், மரவள்ளியையும் வற்றாளையையும் தண்டாலும் பெருக்குகின்றோம். தாய்ச்செடியின் உடலில் ஒரு கூறே புதுச்செடியாவதால், தாயின் நோய் சேய்க்கும் உடன்பிறந்த நோயாகின்றது. வெண் ஈ ஓரிரு தோட்டங்களைக் கடப்பதற்குள், மனிதன் ஒரு கட்டுத் தடியைப் பேருந்திலேற்றி மாவட்டங்களைக் கடந்துவிடுகின்றான்.

மரவள்ளியின் வரலாறு தரும் பாடம்

தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரவள்ளியை 1786ஆம் ஆண்டில் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் டி கிறாப் மொறீசியசுத் தீவிலிருந்து இலங்கைக்குக் கொணர்வித்தார் என்பர். வந்தேறிய அப்பயிர் நம் மக்களின் பஞ்சகாலத் துணையாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போதும், இறக்குமதி உணவு அருகிய 1970களின் முற்பகுதியிலும், அவித்த மரவள்ளியும் சம்பலும் பல இல்லங்களில் ஒரு வேளை உணவாக இருந்தன. வரண்ட மணலிலும் வளரும், பசளையை மிகுதியாக வேண்டாது, வேண்டும்போது அகழ்ந்தெடுக்கலாம். இத்தகைய பயிர் குன்றுமாயின் முதலில் வாடுவது ஏழையின் அடுப்பேயாகும்.

மரவள்ளியிற் சித்திரவடிவ நோய் பற்றும்போது இலை வெளிர்பச்சையும் மஞ்சளுமாய்த் தேமல் படர்ந்து, கோணி, சிறுக்கும், கிழங்கு பருக்காது. ஆபிரிக்காவில் இந்நோய் 1894ஆம் ஆண்டிலேயே பதிவு செய்யப்பட்டது. 1990களில் உகண்டாவில் அதன் கொடிய வடிவமொன்று பரவியபோது, மரவள்ளியை நம்பி வாழ்ந்த மக்கள் பசியால் வருந்தினர். தென்னாசியாவில் இதே நோயை விளைக்கும் வைரசுகள் இரண்டு. ஒன்று இந்திய மரவள்ளிச் சித்திரவடிவ வைரசு. மற்றையது நம் நாட்டின் பெயரையே தாங்கிய இலங்கை மரவள்ளிச் சித்திரவடிவ வைரசு. பின்னையதன் மரபுப் பொருள் இரு கூறுகளாக உள்ளதென்பதும், அவற்றுள் ஒன்றை அது இந்திய வைரசிடமிருந்து பெற்றிருத்தல் கூடும் என்பதும் 2002இல் வெளியான ஆய்வாற் புலனாயின.

நம் நாட்டின் பெயர் பூண்ட இவ்வைரசு பின்னர்ச் சென்ற தூரம் சிந்திக்கத்தக்கது. 2015ஆம் ஆண்டில் கம்போடியாவின் ரத்தனக்கிரி மாகாணத்துத் தோட்டமொன்றில் அது கண்டறியப்பட்டது. 2017இல் வியட்நாமிலும், 2018இல் தாய்லாந்திலும், அதனையடுத்துச் சீனத்தின் தென்பகுதியிலும், 2020இல் லாவோசிலும் காணப்பட்டது. தாய்லாந்தோ மரவள்ளிப் பண்டங்களை உலகில் மிகுதியாக ஏற்றுமதி செய்யும் நாடு. இத்துணை விரைவான பரவலுக்கு வெண் ஈ மட்டும் காரணமன்று. நோயுற்ற தடிகள் எல்லை கடந்து விற்கப்பட்டமையே பெருங்காரணம் என்பது அறிஞர் துணிபு. கப்பலேறிப் பயிர் வந்து சேர்ந்ததைப் போலவே நோயும் நடுபொருளிலேறிப் பயணம் செய்கின்றது. துறைமுகத்தை அண்டி வாழும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் அந்நியத் தாவரங்களின் வரவைக் கட்டுப்படுத்துதல் பயணிகளைத் துன்புறுத்தும் பொருட்டன்று.

ஊர் கூடிக் காத்தல்

தனியொருவன் முயற்சியால் இந்நோய்களை வெல்லுதல் அரிது என்பதற்கு வாழை சான்றாகும். குருத்திலைகள் குறுகி நிமிர்ந்து உச்சியிற் கொத்தாக நிற்கும் முடிக்கொத்து நோய், 1913ஆம் ஆண்டளவில் இலங்கையிலும் அவுஸ்திரேலியாவிலும் தோன்றியது. அவுஸ்திரேலியாவில் பத்தாண்டுகளுக்குள் வாழைத் தோட்டங்கள் பலவும் பாழாயின. மகீ என்னும் ஆய்வாளர் அந்நோய் வாழை அழுக்கணவனாலும் குட்டிகளாலும் பரவுகின்றது என 1920களில் நிறுவினார். அதன்பின் நோயுற்ற மரங்களைக் கட்டாயமாக அழித்தல், தோட்டங்களைப் பரிசோதித்தல், அனுமதி பெற்ற குட்டிகளையே நடுதல் ஆகிய விதிகள் சட்டமாயின. வாழைச் செய்கை மீண்டும் தழைத்தது. புதிய மருந்தொன்றினாலன்று, அயலவர் அனைவரும் ஒரே விதிக்கு அடங்கியதனாலேயே அவ்வெற்றி கிட்டியது.

காப்பு நெறி

மேற்கூறியவற்றிலிருந்து உழவர் கைக்கொள்ள வேண்டிய நெறிகள் தாமே பெறப்படும். முதலாவது, நடுபொருளின் தூய்மை. மரவள்ளித் தடியை அறுவடை நாளில் எடுத்த எடுப்பில் வெட்டுதல் ஆகாது. செடி இளமையாகத் தழைத்திருக்கும்போதே தோட்டத்தைச் சுற்றிவந்து, தேமலற்ற செடிகளுக்கு அடையாளமிட்டு, அவற்றினின்றே தடி பெறல் வேண்டும். முற்றி இலையுதிர்த்த செடியில் நோயுள்ளதும் இல்லாததும் ஒன்றுபோலவே தோன்றும்.

இரண்டாவது, நோயின் வழியைக் கண்டறிதல். முளைத்த முதல் இலைகளிலேயே தேமல் காணப்படின் நோய் தடியோடு வந்தது. அடியிலைகள் நலமாயிருக்க மேலிலைகள் மட்டும் தேமலுறின் வெண் ஈ கொணர்ந்தது. முன்னையதாயின் அடுத்த போகத்துக்குத் தடி பெறும் இடத்தை மாற்றுக. பின்னையதாயின் அயலிலுள்ள நோய்ச்செடியைத் தேடுக. மிளகாயிலும் இவ்வாராய்ச்சி வேண்டும். இலை சுருளுதல் யாவும் வைரசன்று. பனிப்பூச்சி தாக்கின் இலை விளிம்புகள் மேனோக்கியும், சிற்றுண்ணி தாக்கின் கீழ்நோக்கியும் சுருளும். ஐயமுண்டாயின் விவசாயப் போதனாசிரியரிடம் செடியைக் காட்டித் தெளிதல் நன்று.

மூன்றாவது, நோயுற்ற செடியை இளமையிலேயே பிடுங்கி அழித்தல். அதிலும் சில கிழங்கு கிடைக்குமே என்று இரங்கி விடுதல் இயல்பு. ஆயின் அச்செடி ஒவ்வொரு நாளும் வெண் ஈக்கு வைரசை வழங்கும் களஞ்சியமாக நிற்கின்றது. நாற்றுமேடையைப் பூச்சிவலையால் மூடுதலும், பழைய பயிரின் எச்சங்களையும் களைகளையும் அகற்றுதலும் இதனோடு சேர்ந்தவை.

நான்காவது, எதிர்ப்பாற்றல் உள்ள இனங்களை நடுதல். நெல்லின் புற்குட்டை நோய்க்கு எதிர்ப்பைத் தேடிய பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார், 6,000க்கு மேற்பட்ட நெல்வகைகளைச் சோதித்து, இந்தியாவின் உத்தரப் பிரதேசத்துக் காட்டுநெல் ஒன்றிலேயே அதனைக் கண்டனர். தம்பலகாமத்தின் வயலோரத்திற் பயனற்றதென நாம் கருதும் புல்லும் நாளை எதற்குதவும் என்று யாரறிவார்? மரவள்ளிக்கும் இம்முயற்சி நடைபெறுகின்றது. 1963இல் நிறுவப்பெற்ற திருவனந்தபுரத்து மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம், சித்திரவடிவ நோயை எதிர்க்கும் இனங்களை வெளியிட்டுள்ளது. குருத்தின் நுனியிலுள்ள பிரிகலங்களில் வைரசு பெரும்பாலும் இருப்பதில்லை. ஆதலின் அந்நுனியை எடுத்து வளர்த்து, நோயுற்ற இனத்திலிருந்தே நோயற்ற கன்றைப் பெறலாம் என 1952இல் பிரான்சு நாட்டு மொறெலும் மார்ட்டினும் தாலியாச் செடியிற் காட்டினர். இழையவளர்ப்பு வாழைக் கன்றுகள் இன்று எங்கும் கிடைப்பது அவ்வறிவின் பயனே. எனினும் தூய கன்றும் நோயுற்ற அயலின் நடுவே நீண்டநாள் தூய்மையாக இராது.

முடிவுரை

மூதூரிலும் நிலாவெளியிலும் ஒருவர் வேலிக்கு மேலாக மரவள்ளித் தடியோ வாழைக்குட்டியோ கேட்டால், இல்லையென்னாது கொடுத்தல் நம்மவர் வழக்கம். அவ்வழக்கம் அழிய வேண்டியதன்று. கொடுக்கும் கை, கொடுக்குமுன் இலையைப் பார்க்கவும் பழகினாற் போதும். நோயுள்ள தடியை அறியாது கொடுப்பவன் கிழங்கோடு பசியையும் கொடுத்தவனாகின்றான். ஆராய்ந்து கொடுப்பவன் பல ஆண்டுகளின் விளைச்சலைக் கொடுத்தவனாகின்றான். இப்பார்வையைப் பயிற்றுவதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. பாடசாலைத் தோட்டத்தில் ஒரு பாத்தி மரவள்ளியும், வாரமொருமுறை அதன் இலைகளை எண்ணிக் குறித்துவைக்கும் மாணவரும் போதும். அம்மாணவர் தத்தம் வீட்டு வளவிலும் அதே கண்ணோடு நோக்குவராயின், கண்ணுக்குத் தெரியாத பகைக்கு எதிரான வேலி ஊரெங்கும் எழும். நீரினும் காப்பே நன்று என்ற வள்ளுவரின் துணிபு அன்று மெய்யாதல் காண்போம்.