கன்றின் கழிச்சலும் குழந்தையின் உயிரும்

காரைக்காலில் 2022-ஆம் வருஷம் ஜூலை மாதம் காலரா தோன்றி, ஸர்க்கார் சுகாதார அவசர நிலையைப் பிரகடனம் செய்ததை நமது வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அசுத்த ஜலத்தின் கொடுமை அன்று கண்கூடாயிற்று. ஆனால் குளோரின் மருந்துக்கும் எளிதில் அடங்காத வேறொரு பகைவன் நம் மாட்டுக் கொட்டிலிலேயே வளரக்கூடும் என்பதைச் சிலரே அறிவர்.

கிரிப்டோஸ்போரிடியம் என்னும், கண்ணுக்குப் புலப்படாத குடல் ஒட்டுயிரே அது. பிறந்து சில வாரங்களேயான கன்றுகளின் கழிச்சலில் கோடிக்கணக்காக வெளிப்பட்டு, கை வழியாகவும் ஜலத்தின் வழியாகவும் மனிதர் குடலிற் புகும். திடகாத்திரமுள்ளவர் இரண்டொரு வாரத்தில் தேறுவர். மெலிந்த சிசுக்களுக்கோ உயிருக்கே ஆபத்து. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குழாய் ஜலத்தில் இக்கிருமி கலந்து சுமார் 4 லக்ஷம் பேர் நோயுற்றனர். செல்வமும் சாஸ்திரமும் மிகுந்த நகரத்திற்கே அக்கதியெனில், காவேரியின் கடைமடையிலுள்ள வரிச்சிக்குடி போன்ற கிராமங்கள் அஜாக்கிரதையாயிருக்கலாமோ?

பழியைப் பசுவின்மேல் மட்டும் சுமத்துதல் நியாயமன்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் அவ்வூர்க் குழந்தைகளிடம் பெரும்பாலும் கண்டது, மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் இனமே. ஆகவே சாணம், மனித மலம் இரண்டையுமே குடிஜலத்தினின்று விலக்கவேண்டும்.

குளோரின் கரைத்துவிட்டோமென்று அதிகாரிகள் திருப்தியடைதல் போதாது. செவ்வையாக வடிகட்டும் ஏற்பாடும் அவசியம். ஜலத்தைக் கொதிக்கவைத்தால் இக்கிருமி மாளும். கன்றைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் குழந்தைக்கு அன்னம் ஊட்டலாகாது. தேச சேவையில் ஊக்கமுள்ள நண்பர்கள் மேடையை விட்டிறங்கி, தத்தம் ஊரில் கொட்டிலுக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தை முதலில் அளந்து பார்ப்பார்களாக!