சின்ச்சில்லாவுக்கு ஒரு வீடு

குழந்தைகள் உள்ள வீட்டில், பிராணி ஒன்று வளர்க்க வேண்டும் என்ற விண்ணப்பம் என்றாவது ஒரு நாள் பெரியவர்கள் முன் வந்தே தீரும். முன்பெல்லாம் கிளி கேட்பார்கள். நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் அடைப்பது 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே இக்காலத்துக் குழந்தைகள் படத்தில் பார்த்த சின்ச்சில்லாவைக் கேட்கிறார்கள். கண்ணமங்கலத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் இந்தக் கேள்வி எழுந்தால் என்ன பதில் சொல்வது?

சின்ச்சில்லா தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் வாழும் சிறு பிராணி. அதன் ஒரே மயிர்க்காலிலிருந்து ஐம்பதுக்கு மேற்பட்ட ரோமங்கள் முளைக்கின்றன. அந்த ரோமமே அதற்கு எமனாயிற்று. மேல்நாட்டுச் சீமாட்டிகளின் அங்கிக்காக அந்த இனத்தை ஏறக்குறைய வேரறுத்துவிட்டார்கள். 1923-ல் சாப்மன் என்ற அமெரிக்கர் பதினொரு சின்ச்சில்லாக்களைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டு சென்றார். வழியில் உஷ்ணம் தாங்காமல் இறந்துவிடுமோ என்று அஞ்சி, பனிக்கட்டி வைத்துக் கப்பலில் அவற்றைக் காப்பாற்றினாராம். சுமார் 25 டிகிரி செல்ஸியஸைத் தாண்டினாலே அதற்கு ஆபத்து. நம் வேலூர், ஆரணிப் பக்கத்திலோ கத்திரி வெயில் 40 டிகிரியைக் கடப்பது சகஜம். எத்தனை விலை கொடுத்து எந்தக் கூண்டை வாங்கினாலும், இரவு பகலாக அறையைக் குளிர்விக்கும் இயந்திரம் இல்லாவிட்டால் அது சின்ச்சில்லாவுக்குச் சவப்பெட்டியாகவே முடியும்.

ஆனால் குழந்தைகள் ஏமாற வேண்டியதில்லை. அந்தப் பிராணியின் சாம்பல் நிறத்தைக் கொண்டு, சின்ச்சில்லா என்றே பெயர் பெற்ற முயல் இனம் இருக்கிறது. பிரான்ஸ் தேசத்தில் 1913-ல் முதன்முதலாகக் காட்சிக்கு வந்தது. அதன் வழியில் வந்த சோவியத் சின்ச்சில்லா இன முயல்களை, கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில் மத்திய அரசாங்கத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் வளர்த்து வருகிறார்கள். நிழலும் காற்றும் அமைத்துக் கொடுத்தால் சமவெளியிலும் முயல் பிழைக்கும்.

கூண்டைப் பற்றி யோசிக்குமுன் இடத்தைப் பற்றி யோசியுங்கள். முயலுக்கு வியர்ப்பதில்லை, தன் நீண்ட காதுகளின் வழியாகவே உடற்சூட்டை வெளியேற்றுகிறது. ஆகையால் மேல்வெயில் படாத தாழ்வாரமோ, கொல்லையில் மர நிழலோதான் ஏற்றது. தகரக் கூரை கூடாது, கீற்று நல்லது. தறி உள்ள அறையும் உதவாது. திடீர்ச் சத்தம் முயலைக் கலவரப்படுத்தும். வெளியே வந்து பாவு நூலில் பல் வைத்துவிட்டாலோ, கலவரம் நமக்கு!

கடையில் விற்கும் சிறு கூண்டை வாங்காதீர்கள். நம் ஊர்த் தச்சரிடம் அளவு சொல்லிச் செய்யுங்கள். நான்கு கிலோவுக்கு மேல் வளரும் முயலுக்கு 6 அடி நீளமும், 2 அடி அகலமும், 2 அடி உயரமும் மிகக் குறைந்த அளவு. பின்னங்கால்களில் எழுந்து நின்றால் காது கூரையில் இடிக்கக் கூடாது. பக்கங்களுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை அடித்தால் பாம்பும் கீரியும் நுழையா. தரை முழுவதும் கம்பியாக இருந்தால் பாதம் புண்ணாகும். பாதியாவது பலகை இட்டு வைக்கோல் பரப்புங்கள். ஒரு மூலையில் ஒளிந்துகொள்ள ஒரு மரப்பெட்டி வேண்டும். வர்ணம் பூச வேண்டாம். முயல் மரத்தைக் கடித்துக்கொண்டே இருக்கும். அதன் பற்கள் ஆயுள் முழுதும் வளர்வதால் கடிப்பது அதற்கு அவசியம். கால்களை உயரமாக வைத்து, பாட்டிமார் பலகார அலமாரிக்குச் செய்ததுபோல் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

கோடையில் நனைத்த சாக்கைப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். கனமான மண் சட்டியில் தண்ணீர் எந்நேரமும் இருக்கட்டும். புல்லே பிரதான ஆகாரம். வேலிமசாலும் கொடுக்கலாம். பட்டுப்புழு உண்ணும் முசுக்கொட்டை இலையையும் முயல் ருசித்துத் தின்னும். பட்டு நெய்யும் ஊருக்கு இது பொருத்தந்தானே! ஆணையும் பெண்ணையும் சேர்த்துவிட்டால் முப்பத்தொரு நாளில் குடும்பம் பெருகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் கூண்டு கூண்டுதான். அடைபட்டுக் கிடப்பதன் துன்பத்தை நம் தேசத்தாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தினமும் மாலையில் வெயில் தாழ்ந்ததும், நாய் நுழையாதபடி கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு, கூண்டின் கதவைத் திறந்து விடுங்கள். சில மணி நேரம் அது துள்ளி ஓடட்டும். பக்கத்தில் ஒரு குழந்தை காவல் இருக்கட்டும். அந்தக் காவலுக்கு நேரமில்லாத வீட்டில், கூண்டே வேண்டாம்.