குதிரை ஏன் நொண்டுகிறது?

படாளத்திலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர், ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார். அவருடைய மாமா ஒரு குதிரை வளர்க்கிறார். கோயில் திருவிழாவுக்கும் கலியாண ஊர்வலத்துக்கும் அதை வாடகைக்கு விடுவார். முதல் நாள் மாலை வரை நன்றாக நடந்த குதிரை, மறுநாள் காலையில் வலது முன்னங்காலை ஊன்ற மறுத்துவிட்டது. கால் வீங்கியும் இருந்தது. "வெறும் சுளுக்கு, நாலு நடை நடத்தினால் சரியாகிவிடும்" என்றார் ஒரு பெரியவர். "சூடு போட்டால்தான் வீக்கம் இறங்கும்" என்றார் இன்னொருவர். "யார் சொல்வது சரி, சார்?" என்று கேட்டார் மாணவர்.

நான் இயற்பியல் கற்பிப்பவன், மருத்துவன் அல்லன். ஆனாலும் இக்கேள்விக்குப் பாதி விடை உங்கள் இயற்பியல் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

முதலில் குதிரையின் காலைப் பாருங்கள். முன்னங்காலில் நாம் முழங்கால் என்று சொல்வது உண்மையில் அதன் மணிக்கட்டு. அதற்குக் கீழே இருப்பது ஒரே ஒரு விரல். குளம்பு அவ்விரலின் நகம். ஆம், குதிரை விரல் நுனியில் நிற்கும் பிராணி! உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்கள் தாங்குகின்றன. குதிரையின் எடை 300 கிலோ என்றால், ஒவ்வொரு முன்னங்காலுக்கும் 90 கிலோ. நாலுகால் பாய்ச்சலில் ஓடும்போதோ, ஒரு கணம் ஒரே காலின் மீது உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு விசை விழக்கூடும்.

எந்தக் கால் வலிக்கிறது என்பதைக் குதிரையின் தலை காட்டிக்கொடுத்துவிடும். வலிக்கும் முன்னங்கால் தரையில் படும்போது அது தலையை மேலே தூக்கும். அப்போது பாரத்தின் ஒரு பகுதி பின்னங்கால்களுக்கு மாறுகிறது. நல்ல கால் ஊன்றும்போது தலை கீழே இறங்கும். அடுத்த முறை மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனால், சவாரிக் குதிரையின் மீது ஏறும் முன் அதன் தலையாட்டத்தைச் சற்றுக் கவனியுங்கள்.

சரி, கால் ஏன் வீங்குகிறது? குதிரையின் இதயத்துக்கும் குளம்புக்கும் இடையே உள்ள உயரத்தை 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அத்தனை உயரமுள்ள இரத்தத் தம்பத்தின் அழுத்தம் ஏறத்தாழ 10,000 பாஸ்கல். அதாவது சுமார் 75 மில்லிமீட்டர் பாதரசம். இதை எதிர்த்துத்தான் இரத்தமும் நிணநீரும் மேலே ஏற வேண்டும். காலின் கீழ்ப்பகுதியில் அவற்றைப் பிழிந்து தள்ளத் தசைகள் இல்லை. நடக்கும்போது குளம்பு அமுங்கி விரிகிறது. அதுவே ஒரு பம்பாக வேலை செய்கிறது. நாள் முழுவதும் ஒரே இடத்தில் கட்டிவைத்தால் இந்தப் பம்பு நின்றுவிடுகிறது. நீர் தேங்கிக் கால்கள் வீங்குகின்றன.

இத்தகைய வீக்கம் பெரும்பாலும் இரண்டு கால்களிலும் இருக்கும். தொட்டால் சூடு இராது, வலியும் இராது. நடத்தினால் வடிந்துவிடும். எனவே பெரியவர் சொன்னது முழுப் பொய் அல்ல!

ஆனால் ஒரே கால் வீங்கி, தொட்டால் சுட்டு, குதிரை அதை ஊன்றவும் மறுத்தால் கதை வேறு. தசைநாண் கிழிந்திருக்கலாம், கிருமி புகுந்து தோலுக்கடியில் அழற்சி உண்டாகியிருக்கலாம், எலும்பே முறிந்திருக்கலாம். அந்நிலையில் நடத்தினால் ஒவ்வோர் அடியும் காயத்தைப் பெரிதாக்கும்.

திடீர் நொண்டலுக்கு மிகச் சாதாரணமான காரணம் குளம்புக்குள் சீழ் கட்டுவது. நம் கையில் கட்டி வந்தால் தோல் விரிந்து இடம் தருகிறது. குளம்பின் சுவரோ கெட்டியானது, விரியாது. சீழ் சேரச் சேர உள்ளே அழுத்தம் ஏறுகிறது. வலி பொறுக்க முடியாததாகிறது. சிறு வழி செய்து சீழை வெளியேற்றினால் அழுத்தம் சட்டென்று குறைகிறது. பிரஷர் குக்கரில் ஆவி வெளியேறுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

படாளத்துக் குதிரைக்கும் இதுவே நேர்ந்திருந்தது. கால்நடை மருத்துவர் வந்து குளம்பைத் தூக்கிப் பார்த்தார். அடிப்பாகத்தில் ஆணி குத்திய பழைய துளை ஒன்று தெரிந்தது. குளம்பைச் சிறிது சீவியதும் கருஞ்சீழ் வடிந்தது. மறுநாளே குதிரை காலை ஊன்றியது. சூடு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நோய் குளம்பிலேயே இருந்திருக்கும். தோலில் ஒரு புண் கூடியிருக்கும்.

உங்கள் ஊரில் ஒரு குதிரை இப்படித் திடீரென்று நொண்டினால் உடனே வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். மெத்தென்ற தரையில், நிழலில் நிற்கட்டும், தண்ணீர் வையுங்கள். உதைபடாமல் பெரியவர்களைக் கொண்டு குளம்பைப் பார்க்கச் செய்யுங்கள். குத்திய ஆணி இன்னும் இருந்தால் மருத்துவர் வந்து பார்க்கும் வரை பிடுங்காமல் விடுவது நல்லது. அது போன வழி அவருக்குத் தெரிய வேண்டும். சூடான வீக்கத்தின் மீது கால் மணி நேரம் குளிர்ந்த நீரை ஊற்றலாம். மனிதருக்கான வலி மாத்திரைகளைக் கொடுக்கக் கூடாது. குதிரைகளை ரணஜன்னி எளிதில் தாக்கும். ஆகவே தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்க மறக்காதீர்கள். 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினால் கால்நடை ஆம்புலன்ஸ் உதவி கிடைக்கும்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் கடந்து இங்கே இறக்குமதியான குதிரைகள் பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் ஏராளமாக மடிந்தன என்று எழுதினார். 1903-இல் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. இன்று தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வந்து சேரும் வரை அந்தக் குதிரையை நடக்க வைக்காமல் காப்பது, அருகில் நிற்கும் உங்கள் கையில்தான் இருக்கிறது.